நூறா, தொண்ணூற்று மூன்றா?

நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். பஸ் டவுன்ஷிப்பைத் தாண்டும்போது அந்தம்மா சொன்னது காதில் விழுந்தது.

"ஊரே கார்ல போவுது. நாம மட்டும் காரு பொய் சொல்லுதுன்னு ஒர்க்‌ஷாப்புல விட்டுட்டு பஸ்ஸுல போறோம்."

"ஸ்பீடு மீட்டர் நூறு காட்டும்போது செல்போன் ஜிபிஎஸ் தொண்ணூத்தி மூணுதான் காட்டுது. மெக்கானிக்கைக் கேட்டா சிரிக்கிறான். எல்லாக் காருலயும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டுமாம்."

"பிளான்ட்டுல மீட்டரை சரிபாக்குறதுதான் உங்க வேலையே. சொந்த வண்டி மீட்டரை மூணு வருஷமா நம்பிக்கினு இருந்திருக்கீங்க!"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்போ பொங்கலுக்கு நூறுல ஓட்டுனீங்கன்னு ரெண்டு நாள் உங்ககூட பேசாம இருந்தேனே, அதுவும் தொண்ணூத்தி மூணுதானா?"

"ஆமா."

அந்தம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயோ பாவம், வீணா கோவிச்சிக்கினேன். இருங்க, நீங்க நூறுல போவவே இல்லைன்னு எங்க அண்ணனுக்கு இப்பவே போன் பண்ணி சொல்லிடறேன்."

"வேணாம்மா! அவர்கிட்ட நூறுன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். நீ வேணும்னா இன்னும் ரெண்டு நாள் பேசாம இருந்துக்கோ."