கை நனைக்கிறதுக்கு முன்னாடி

இருங்க பொன்னுரங்கம் அண்ணே, இன்னா அவசரம்? எல போட்டா போட்டும். கை நனைச்சிட்டா சம்பந்தம் முடிஞ்சா மாதிரி. அதுக்கு முன்னாடி, உங்க பொண்ண குடுக்கப் போற ஊரு எப்டின்னு கேட்டீங்கல்ல, அத்த சொல்லிட்றேன்.

கிங்ஸ்டன்னு பேரு. ஆமா, டிவில கிரிக்கெட்டு பாப்போமே, அதே ஜமைக்காதான். எதுர்லயே இன்னொரு ஊரு இருந்துச்சாம், கடல் கொள்ளக்காரனுங்க கொட்டம் அடிச்ச ஊரு. முன்னூறு வர்சத்துக்கு முன்னாடி பூகம்பம் வந்து பாதி ஊரு கடலுக்குள்ள பூட்ச்சு. தப்பிச்சவங்க இந்தாண்ட வந்து குந்துன எடந்தான் கிங்ஸ்டன். அடையாத்துல வெள்ளம் வந்தப்ப நாங்க தட்டுமுட்டு சாமானோட ரோட்ல குந்திக்கினு இருந்தோமே, அப்டித்தான்னு வெச்சிக்கங்களேன்.

பொழப்பா? அதுக்கு கொறச்சலே இல்ல. நல்லா ஆழமான ஹார்பரு. பனாமா கால்வாய அகலம் பண்ணதுல இருந்து மலமலயா கப்பலு வருதாம். இதுல எறக்கி அதுல ஏத்தி வுட்றான். அந்தக் கிரேனுங்களுக்குத்தான் எம் பையன் தமிழ்மாறன் கரண்டு வேல பாக்குறான். கால் சென்டரு வேற புச்சு புச்சா வந்துகினு கீதாம். எல்லாரும் இங்கிலீசுதான். உங்க மணிமொழி படிச்ச படிப்புக்கு ஒடனே வேல கெடச்சிருக்கும்.

புயலா? வரும். பொய் சொல்ல மாட்டேன். கூரைய பிச்சிக்கினு பூடும், மறுபடி கட்டிக்குவாங்க.

தோ வர்றோம் தேவானை! பேசிக்கினு கீறோம்ல! பாவம்ணே எம் பொண்டாட்டி. விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சி மட்டன் வாங்கியாந்து வதக்கிக்கினு கீறா. ராஜா அண்ணாமலைபுரம் பூரா பையனுக்கு தையில கல்யாணம்னு சொல்லி வெச்சிக்கீறா. எனக்கு அவ மூஞ்சிய பாக்க முடியல.

சாப்பாடா? அங்கயும் ஆட்டுக்கறிக் கொழம்புதான். கரும்புத் தோட்டத்துக்குன்னு அந்தக் காலத்துல நம்மாளுங்கள கப்பல்ல ஏத்திக்கினு போனான்ல, அவங்க வுட்டுட்டுப் போன ருசி. காரம் நம்மள தூக்கி சாப்ட்ருமாம். நாயித்துக்கெழமன்னா அவன் வூட்ல அதான்.

ஆரு வெக்கிறாங்களா? அதாண்ணே. கூட வேல செய்ற பொண்ணு. போன மாசமே ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிட்ச்சாம். நேத்துதான் வீடியோ கால்ல சொன்னான். அந்தப் பொண்ணும் பக்கத்துல நின்னு எனக்கு கையக் கூப்பி கும்புடு போட்ச்சு. நல்ல பொண்ணாத்தான் தெரியுது, இன்னா பண்றது? தேவானை கிட்ட சொல்ல வாயே வரல. உங்களுக்கு போன் போட கையில எடுத்தேன், அதுக்கும் தெம்பு இல்ல.

உக்காருங்கண்ணே, கத்தாதீங்க, கால்ல வுழுறேன். தெரு முனைக்கு வந்து செருப்பால வேணா அடிங்க. இப்ப மட்டும் தேவானை கிட்ட, எல்லாம் கேட்டேம்மா, ஊரு நல்ல ஊருதான், ஆனா பொண்ண அவ்ளோ தூரம் அனுப்ப மனசு வரலன்னு நீங்களே சொல்லிடுங்க. மகன் பண்ணத நான் அவளுக்கு மெதுவா சொல்லிக்கிறேன்.

தோ, எலைல தண்ணி தெளிக்கிறா பாருங்க. சோறு போட்றதுக்குள்ள சொல்லிடுங்கண்ணே.