முழுக்க ஃபோர்ட்

பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் பெயின்ரைத்தான் பார்ப்பார்கள். அது பிழை. தரையில் படுத்து, அடிச்சட்டத்து இரும்பைக் கறள் அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அருட்பிரகாசமும் நானும் அப்படிப் பார்த்துத்தான் எண்பத்தொன்பதில் அந்த ஃபோர்ட் பொப்புலரை வாங்கினோம். ஐம்பத்தாறாம் ஆண்டுக் கார். றொம்ஃபோர்டில் ஒரு கொட்டிலுக்குள் எஞ்சின் இல்லாமல் நின்றது.

ஐயா, நீங்கள் றோஸ்மலரின் வக்கீல். மேசையில் இருக்கும் அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். காரைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

அப்போது நான் டகன்ஹாமில், ஃபோர்ட் தொழிற்சாலையில், கதவு பொருத்தும் பகுதியில் எட்டு வருஷமாக வேலை. எட்டு வருஷமும் மதியச் சாப்பாடு தனியாகத்தான். யாரும் கெடுதல் செய்ததில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான். ஒருநாள், பழைய பொப்புலருக்குள் பெரிய எஞ்சின் போட்டு ஓட்டப்போகிறேன் என்று சொன்னேன். டெரி என்பவர் தட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். மறுநாள் நான்கு பேர். தகப்பன் காலத்திலிருந்தே ஃபோர்ட்டைத் தவிர வேறு கார் ஏறாத ஆட்கள். “ஃபோர்ட் எஞ்சின்தானே?” என்று டெரி கேட்டார். ஆம் என்றேன். ஜூலையில் நடக்கும் கார்க் கண்காட்சிக்கு எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள்.

அருட்பிரகாசம் ஊரில் எங்கள் ஒழுங்கைக்காரன்; நாலு வீடு தள்ளி இருந்தவன். என்னைவிட ஒன்பது வயது இளையவன். ஃபாரஸ்ட் கேட்டில் ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு கராஜில் வெல்டிங் செய்தான். அகதி வழக்கு முடியவில்லை. வேலை செய்ய அனுமதியும் இல்லை. தமையனின் பாஸ்போர்ட்டில் வந்து இறங்கி, பிறகு தன் சொந்தப் பெயரில் மனுக் கொடுத்திருந்தான். பாஸ்போர்ட் விஷயத்தை இங்கே எனக்கும் தன் மனைவி றோஸ்மலருக்கும் மட்டுமே சொல்லியிருந்தான்.

தொண்ணூறாம் ஆண்டு மே மாதம், கராஜில் ஒரு றோவர் எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கினான்.

“அண்ணை, எட்டுச் சிலிண்டர். ஆனால் அலுமினியம், பாரமில்லை. இந்தக் காருக்கு இதுதான் சரி.”

“ஃபோர்ட்டுக்குள்ள றோவரோ?”

“எஞ்சினுக்கும் சாதி பாக்கிறியளே, அண்ணை?”

அவன் சொன்னது சரி. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த எஞ்சினை உட்கார வைக்க, ஆள் இருக்கும் இடத்துக்கு முன்னாலுள்ள இரும்புத் தகட்டை வெட்ட வேண்டும். வெட்டினால் பழையபடி ஆக்க முடியாது. ஃபோர்ட் கோர்ட்டினாவின் இரண்டு லீற்றர் எஞ்சின் போதும் என்று கெஞ்சினேன். நாற்பத்தைந்து வயதில் ஒருவன் கெஞ்சுவது பார்க்க நன்றாக இராது. அவன் என் தோளைத் தட்டி, “ஒருக்கா ஓடிப் பாத்திட்டு நீங்களே சொல்லுவியள்” என்றான்.

முதுகு வலி என்று சொல்லி வெட்டுகிற வேலையை இரண்டு கிழமை தள்ளிப்போட வைத்தேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. தொழிற்சாலையில் டெரி தினமும் எஞ்சினைப் பற்றிக் கேட்டார். அந்த மேசையில் மறுபடி தனியாக உட்கார என்னால் ஏலாது என்று மட்டும் தெரிந்தது.

ஆகவே குடிவரவு அதிகாரிகளுக்கு எழுதினேன். அனுமதியில்லாமல் வேலை செய்கிறான், கராஜின் விலாசம் இது என்று. அதற்கு மட்டும் வருவார்களோ என்று சந்தேகமாக இருந்தது. அதனால், இவன் பெயர் அருட்பிரகாசம் அல்ல, பாஸ்போர்ட்டில் இருந்த பெயர்தான் உண்மை, ஊரில் ராணுவ முகாமில் அடைத்து வைத்தார்கள் என்பதெல்லாம் கட்டுக்கதை என்றும் சேர்த்தேன். இரண்டு மூன்று கிழமை உள்ளே வைத்துவிட்டு விடுவார்கள் என்று நினைத்தேன். அதற்குள் றோவரை அப்புறப்படுத்திவிடலாம்.

ஒன்பதாம் நாள் வந்து அவனைக் கூட்டிப்போனார்கள். தகடு வெட்டப்படவில்லை.

ஜூலையில் றோஸ்மலர் என் அறைக்கு வந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

“அண்ணை, ஆரோ எழுதின கடிதத்தை நம்பி இவரின்ர வழக்கை நிராகரிச்சிட்டாங்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு வக்கீலிட்ட வந்து ஒரு கையெழுத்து வையுங்கோ. இவர் அருட்பிரகாசம்தான், முகாமில இருந்தது இவர்தான் எண்டு. ஊரில அவரைத் தெரிஞ்ச ஆள் இங்க நீங்கள் ஒராள்தான்.”

“ஓம் தங்கச்சி, வாறன்.”

நான் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, அவனை முகாமிலிருந்து கூட்டிவர அவன் தாயோடு போனவன் நான்தான். முதுகில் இருந்த காயங்களை நானே பார்த்திருக்கிறேன். அதை எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும். அரை மணி நேர வேலை.

ஆனால் எஞ்சினைத் தூக்கும் சின்னக் கிரேன் எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் வாடகைக்குக் கிடைத்தது. கண்காட்சி மறுநாள். காலையில் றோஸ்மலருக்குப் போன் எடுத்து, ஷிப்ட் மாறிவிட்டது, செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றேன். அவள், “சரி அண்ணை, கட்டாயம் வாங்கோ” என்றாள். பின்னேரம் நான்கு மணிக்குக் கோர்ட்டினா எஞ்சின் உள்ளே உட்கார்ந்துவிட்டது.

ஞாயிறு டெரியும் மற்றவர்களும் குடும்பத்தோடு வந்தார்கள். டெரி மூடியைத் திறந்து குனிந்து பார்த்துவிட்டு, “முழுக்க ஃபோர்ட்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். என் பெயரைச் சொல்லிக் கை குலுக்கினார். அம்பலவாணன் என்று முழுதாக; ஒரு எழுத்துக்கூடப் பிழைக்கவில்லை.

திங்கட்கிழமை அருட்பிரகாசத்தை விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கியிருக்கிறான். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை. எட்டு வருஷம் ஆகிறது. காணாமல் போனவர்களைத் தேடும் படிவங்களை றோஸ்மலருக்கு நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். யார் எழுதியிருப்பார்கள் என்று அவள் கேட்டபோது, கராஜுக்குப் பக்கத்தில் யாராவது எரிச்சல் பிடித்தவர்களாக இருக்கும் என்றேன்.

கடிதம் எழுதியது நான். கையெழுத்து வைக்க வராததும் நான்தான். இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொறாமையில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. அவனோடு எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. அவனுடைய றோவர் எஞ்சினைக் கிறீஸ் பூசி, துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வந்து கேட்டால் அப்படியே கொடுத்துவிடுவேன்.