ஆள் உண்டு

நான் சமைக்காத இட்லி எதுவானாலும் எனக்கு ருசிதான், சார். சுற்றுலா போனதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். குளித்துவிட்டுக் கீழே இறங்கினால் தட்டில் சுடச்சுட வைத்திருப்பார்கள். சட்னியில் இஞ்சி கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் டிரைவர் நேசையனை உட்கார வைத்திருக்கிறீர்களே, முதலில் அவனை வீட்டுக்கு அனுப்புங்கள். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. பின்னால் திரும்பிப் பார்த்து ஆள் இருக்கிறதா என்று தேடுவது அவன் வேலை இல்லை. வாயால் சொன்னதை நம்பி வண்டியை எடுத்தான். சொன்னது நான்.

என் பெயர் தங்கக்கனி. பிறந்த ஊர் சாத்தான்குளம். பாறசாலைக்குக் கட்டிக்கொடுத்து முப்பத்து நாலு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் செல்லசாமி. தனுவச்சபுரத்தில் ஒரு டுட்டோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பேசியதும் இல்லை. என்னைப் பெயர் சொல்லி ஒருநாள் கூப்பிட்டதில்லை. "இஞ்ச பாரு" என்பார், நான் பார்ப்பேன். சோறு என்றால் சோறு, சட்டை என்றால் சட்டை. இப்படியும் குடும்பம் நடக்கும், சார். எத்தனையோ வீட்டில் நடக்கிறது.

அவருக்கு மறதி வந்தது. முதலில் வீட்டுக்கு வரும் வழி மறந்தது, பிறகு சாப்பிட்டது மறந்தது, பிறகு நான் மறந்தேன். ஒருநாள் மீன் அரிந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார். நிமிர்ந்தால் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கன்னத்தில் கை வைத்து, "ஓமனே, நீ மெலிஞ்சு போனியே" என்றார்.

டைஃபாய்டு வந்து நான் உண்மையிலேயே எலும்பாகக் கிடந்தபோது, இந்த மனுஷன் எட்டிப்பார்த்து, "இஞ்ச பாரு, கஞ்சி இருக்கு" என்று மட்டும் சொன்னவர்.

அன்று முதல் நாள் முழுவதும் அதுதான். ஓமனே, இங்க வந்து இரி. ஓமனே, இத்திரி வெள்ளம் தா. காலையில் குளிமுறிக் கதவுக்குப் பின்னாலிருந்து, "ஓமனே, துவர்த்து எடு." துண்டை நீட்டினால் என் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறாமைதான், சார். இந்த வயசில் அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. முப்பத்து நாலு வருஷம் நான் சோறு போட்ட மனுஷனுக்குள்ளே இன்னொருத்தி உட்கார்ந்து அத்தனை இனிப்பையும் தின்றிருக்கிறாள்.

யார் அந்த ஓமனா என்று தேடினேன். இந்தப் பக்கத்தில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ஓமனா மேல்தான் விழும். ரேஷன் கடையில் ஒருத்தி, காஞ்சிரங்குளத்திலிருந்து மீன் கொண்டு வருகிறவள் ஒருத்தி. விசாரித்ததில், டுட்டோரியலில் முன்னொரு காலத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த ஓமனா ஒருத்தி திருப்புறத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தது. பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். கால் இரண்டும் வீங்கி, கட்டிலில் இருந்தாள். "செல்லசாமி சாறா? கணக்குச் சாறா? எனக்கு ஓர்ம இல்லியே அக்கா. வந்ததுதான் வந்திய, சாயா குடிச்சிட்டுப் போங்க" என்றாள். என்ன கள்ளி பாருங்கள். சாயாவைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதன் பிறகு அவர் கூப்பிட்டால் நான் பதில் சொல்வதில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தேன். அதற்காகத் துண்டு இல்லாமல் ஈரத்தோடு நெடுநேரம் நின்றிருக்கிறார். சளி பிடித்தது, மருந்தும் கொடுத்தேன்.

மகன் அகிலேஷ் ஷார்ஜாவில் இருக்கிறான். அப்பாவுக்கு ஒரு மாற்றமாக இருக்கும், அம்மாவுக்கும் ஓய்வு என்று அவன்தான் இந்தச் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்தான். வாகமண் மலைக்கு மூன்று நாள். ஒரு டெம்போ டிராவலர், நேசையன் டிரைவர், கூட்டிக்கொண்டு போக ஆர்யா என்று ஒரு பெண். வந்தவர்கள் எல்லாரும் நெய்யாற்றின்கரை சுற்றுவட்டாரம். பாதிப்பேச்சு தமிழ், பாதிப்பேச்சு மலையாளம். எனக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது, வாந்தி வரும். அதனால் டிரைவர் பக்கத்து முன்சீட்டை எனக்குக் கொடுத்தார்கள். அவரைப் பின்னால் நீள சீட்டில் படுக்க வைத்தேன். அங்கிருந்தே "ஓமனே, ஓமனே" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

முதல் நாள், சாயா குடித்துவிட்டு எல்லாரும் ஏறியதும் ஆர்யா விரலை நீட்டி ஆள் எண்ண ஆரம்பித்தாள். காஞ்சிரங்குளத்து அம்மச்சி ஒருத்திக்குக் கோபம் வந்துவிட்டது. "மக்கா, ஆள எண்ணப்பிடாது. ஆயுசு கொறயும். நாங்க என்ன கோழியா?" அந்தப் பெண் நல்ல குணம், சிரித்துக்கொண்டே, "செரி அம்மச்சி, எண்ணல்ல. வண்டி எடுக்கும்முன்ன ஆள் உண்டான்னு கேப்பேன். அவங்கவங்க கூட வந்த ஆளப் பாத்துட்டு உண்டுன்னு சொல்லணும். நிங்க ஆளுக்கு நிங்கதான் பொறுப்பு" என்றாள். அதிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் அதுதான் வழக்கம். அவள் "ஆள் உண்டா?" என்று கத்துவாள், வண்டி முழுக்க "உண்டு" என்று கத்தும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எல்லாருக்கும் அது ஒரு விளையாட்டாகப் போய்விட்டது.

மூன்றாம் நாள் திரும்பும் வழியில், சாயங்காலம், கடைசியாக ஒரு வியூபாயிண்டில் நிறுத்தினார்கள். கோடை இறங்கியிருந்தது, அந்த மலையில் மூடுபனியை அப்படித்தான் சொல்கிறார்கள். பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியவில்லை. மழையும் வரப்போகிறது என்று கடைக்காரி தட்டி இறக்கிக்கொண்டிருந்தாள். அவர் நடக்கவேண்டும் என்றார். கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் தேயிலைக்கு நடுவே போகிற பாதையில் கூட்டிப் போனேன். முடிவில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. உட்கார்ந்தார். என்னை அண்ணாந்து பார்த்து, "நிங்க ஆரு?" என்றார்.

பிடித்திருந்த கையை விட்டேன்.

"நிங்க போங்க. எனக்க ஓமன இப்ப வரும்" என்றார். "அவளுக்கு வளைவு ஒத்துக்காது, சர்த்திக்கும். பைய வரட்டு."

நான் சொன்னேன், "அப்ப இங்கேயே இருங்க. எங்கயும் போகப்பிடாது. அவ வருவா." அவர் தலையை ஆட்டினார். சொன்னால் கேட்கிற மனுஷன், அந்த ஒரு குணம் கடைசிவரை மாறவில்லை.

திட்டம் போட்டுச் செய்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. அன்று காலையில் கம்பளியைச் சுருட்டி நீள சீட்டில் வைத்தது மடிக்க நேரமில்லாததால். அதன்மேல் ஜமுக்காளத்தைப் போர்த்தியது தூசி படாமல் இருக்க. அவருடைய குரங்குக்குல்லாயை அந்தச் சுருட்டின் தலைமாட்டில் வைத்தது, கீழே விழுந்து தொலையக்கூடாது என்று. வியூபாயிண்டில் இறங்கும்போது அவர் தலையில் குல்லாய் இல்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்ததை மறைக்கவில்லை.

எல்லாரும் மழைக்குப் பயந்து ஓடிவந்து ஏறினார்கள். ஆர்யா "ஆள் உண்டா?" என்றாள். உண்டு, உண்டு என்று குரல் வந்தது. என்னைப் பார்த்தாள். "உண்டு" என்றேன். ஒரே ஒரு சொல், சார். வேறொன்றும் நான் செய்யவில்லை.

வண்டி இறக்கத்தில் நாலைந்து வளைவு திரும்பியிருக்கும். நேசையன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

"சாறு ஒறங்குதாரா அக்கா? சத்தமே இல்லியே."

"தூங்கட்டும்" என்றேன்.

"ஓமனே ஓமனேன்னு விளிச்சிட்டு வருவாரு, வண்டி ஓட்டுததுக்கு அது ஒரு ரெசம்" என்றான். "எங்க அப்பனும் அப்பிடித்தானாக்கும். அம்மைக்க பேரு ரோசிலி. ஒரு நாளு ரோசிலின்னு விளிச்சுக் கேட்டதில்ல, ஓமனேன்னுதான் விளிப்பாரு. உங்க தமிழ்ல செல்லம்னு சொல்லுவியளே, அதாக்கும் அது. பொண்டாட்டிய இந்த வயசிலயும் அப்பிடி விளிக்க ஒரு மனசு வேணும் அக்கா. நிங்க குடுத்து வச்சவிய."

முப்பத்து நாலு வருஷத்தில் உனக்கு இந்த வார்த்தை தெரியாதா என்று நீங்களும் கேட்பீர்கள். கடைக்கு வேண்டிய மலையாளம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வேண்டியது தெரியும். கொஞ்சுகிற வார்த்தையைக் கற்றுக்கொள்ள, கொஞ்சுகிற ஆள் வேண்டுமல்லவா? ஓமனா என்றால் எனக்கு ரேஷன் கடைக்காரி, மீன்காரி, திருப்புறத்துக்காரி. பெயர் என்றுதான் நினைத்தேன். செல்லம் என்று ஒரு சொல் அவர் பெயரிலேயே இருந்தது, அதை நானும் ஒருநாள் வாயால் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான்.

அப்போது மழை பெய்ய ஆரம்பித்திருந்தது. வண்டியைத் திருப்பு என்று சொல்லியிருக்கலாம். நேசையன் திருப்பியிருப்பான், ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டான். பெஞ்சுக்குப் போய்ச் சேர அரைமணி நேரம் ஆகியிருக்காது. நான் யோசித்துப் பார்த்தேன். திருப்பச் சொன்னால், அந்தச் சுருட்டிய கம்பளியை எல்லாரும் பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய சங்கடம், நேசையன் சொன்னது சரி என்று ஆகிவிடும். எனக்கு வாந்தி வருகிறது, கொஞ்சம் மெதுவாகப் போ என்று மட்டும் சொன்னேன். மெதுவாகப் போனான். எலுமிச்சம்பழம் ஒன்று கொடுத்தான், முகர்ந்துகொண்டு வந்தேன்.

பந்தளத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். சாப்பிட்டு முடித்து ஏறும்போதுதான் நான் அலறினேன். ஆளைக் காணவில்லை, இப்போது இங்கேதான் இறங்கினார், ஆற்றுப் பக்கம் போவதைப் பார்த்தேன் என்றேன். ஆறு அங்கே பக்கத்தில்தான். நேசையன் சட்டையைக் கழற்றிவிட்டு மழைத்தண்ணீரில் இறங்கினான். நீச்சல் அவ்வளவாகத் தெரியாது போலிருக்கிறது, கயிறு கட்டி இறங்கினான். "சாறே, சாறே" என்று கரையெல்லாம் கூப்பிட்டான். நான் ஹோட்டல் படியில் உட்கார்ந்திருந்தேன். யாரோ என் தோளில் கை வைத்திருந்தார்கள். அந்த அம்மச்சி என் பக்கத்தில் இருந்து ஜெபம் சொன்னாள். மறுநாளும் ஆற்றில்தான் தேடினார்கள். மலைமேல் அன்று மழைக்குப் பயந்து பாதையை அடைத்துவிட்டார்கள், ஒருவரும் போகவில்லை. அதற்கடுத்த நாள் கொழுந்து பறிக்கப் போனவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள்.

அடையாளம் சொல்ல அன்று நீங்கள் போட்டோவைக் காட்டினீர்கள். ஆள் படுக்கவில்லை. நான் உட்கார வைத்த மாதிரியே உட்கார்ந்திருக்கிறார். தோளில் கிடந்த துவர்த்தை எடுத்துப் பக்கத்தில், ஈரப் பெஞ்சில், ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு விரித்து வைத்திருக்கிறார். நாலு மூலையும் இழுத்து ஒழுங்காக விரித்திருக்கிறார். வீட்டில் ஒரு துணியை மடித்து வைத்தவர் இல்லை.

அதைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. இல்லை, அதற்கு முன்னாலும் இல்லை. காலையில் நான் அடுக்களையில் நிற்பேன். குளிமுறிக் கதவு சாத்தியிருக்கும், உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும், நின்றுபோகும். "ஓமனே, துவர்த்து எடு." நான் போய்க் கதவுக்கு வெளியே நின்று, ஓமனா இங்கே இல்லை என்று சொல்கிறேன். அமைதியாகத்தான் சொல்கிறேன். பிறகு மறுபடியும் கூப்பிடுகிறார். குளிரில் பல் அடிப்பது கேட்கிறது. கொடுத்துவிடலாம் என்றால், துவர்த்து உங்களிடம் அல்லவா இருக்கிறது, சார். அதைத்தான் கேட்க வந்தேன். நீங்கள் உட்கார வைத்து மற்றதெல்லாம் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

அகிலேஷ் போனில் அழுகிறான். "அம்மா, அப்பா உன்னையத்தான் கூப்பிட்டாரு, உனக்கு அது தெரியாதா?" என்கிறான். நேசையனும் அதையே உங்களிடம் சொல்லியிருப்பான். எல்லாரும் சேர்ந்து பேசி வைத்ததுபோல் சொல்கிறார்கள். நான் ஒன்று கேட்கிறேன், நீங்கள் நியாயமாகப் பதில் சொல்லுங்கள். வளைவில் வாந்தி எடுக்கிறவள் உலகத்தில் நான் ஒருத்திதானா? அவர் என்னைத்தான் கூப்பிட்டார் என்றால், எனக்காகத்தான் அந்தத் துணியை விரித்தார் என்றால், நான் அங்கே யாரை விட்டுவிட்டு வந்தேன்?

அப்படி இருக்க முடியாது. விட்டுவிட்டு வந்தது நான்தான், சொன்ன பொய் என் பொய், எந்தத் தண்டனையானாலும் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் திருப்புறத்தில் இன்னும் ஒருமுறை விசாரிக்கச் சொல்லுங்கள். நெய்யாற்றின்கரையிலும் கேட்கச் சொல்லுங்கள், அங்கே இல்லாவிட்டால் வேறு ஊரில். என் புருஷனை நான் விட்டுவிட்டு வந்தது அவளிடம்தான். இதை மட்டும் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், சார். ஓமனா உண்டு.