நாலு நிமிஷ வேலை

— கதவைச் சாத்திட்டுப் பேசு. வெளியில நோயாளிங்களோட வீட்டாளுங்க உட்கார்ந்திருக்காங்க.

— கேட்கட்டுமே மேட்ரன். ஐசியு என்ன லட்சணத்துல நடக்குதுன்னு அவங்களுக்கும் தெரியட்டும். நர்ஸ் குட்டியை எதுக்கு வேலையை விட்டு நிறுத்துறீங்க?

— அஞ்சாம் படுக்கைப் பெரியவர் மூச்சுக்குழாயைப் பிடுங்கிப் போட்டப்ப அவ பக்கத்துல இல்ல. அவர் பிழைச்சது நம்ம நல்ல நேரம்.

— ஆறாம் படுக்கைக்காரரைத் திருப்பிப் படுக்க வச்சுட்டிருந்தா. மலை மாதிரி மனுஷன். ஒத்தை ஆளா திருப்பினா.

— அதுக்குப் பன்னெண்டு நிமிஷமா? இந்த டேப்லெட் திரையைப் பாரு. அந்த வேலைக்கு நாலு நிமிஷம்தான் போட்டிருக்கு. மிச்ச நேரம் அவ எங்க போனான்னு மேலிடத்துல கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?

— அந்தக் கருமத்தைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கு ஒரு நர்ஸ்னு இருந்த வார்டு இது. மூணாவது நோயாளியையும் அவ தலையில கட்டினது அதுதானே? அவ சும்மா இருக்கான்னு அதுல பச்சை விளக்கு காட்டுச்சாம். சும்மா இருக்கறவ ஏன் சோறு தண்ணி இல்லாம மயங்கி விழறா?

— எங்கிட்ட எதுக்குக் கத்துற? நானா செஞ்சேன்?

— அவளை நிறுத்தற மெமோவுல கையெழுத்து நீங்கதானே போட்டீங்க? நாலு நிமிஷம்னு எந்த மகராசன் கண்டுபிடிச்சான்? அவனை வரச் சொல்லுங்க. குழாய் ஒண்ணும் இழுபடாம, முதுகைத் துடைச்சு, புண் இருக்கான்னு பார்த்து, ஒருத்தரைத் திருப்பிப் போடட்டும். நின்னு வேடிக்கை பார்க்கறேன்.

— நீதான்.

— நானா? நான் என்ன?

— கோவப்படாம கேளு. இதைக் கொண்டுவந்தப்ப கம்பெனிக்காரர் ஒருத்தர் கடிகாரத்தோட உன் பின்னாடியே சுத்தினாரே, ஞாபகம் இருக்கா? வார்டுலயே கைதேர்ந்தவ இவதான்னு நான்தான் உன்னைக் காட்டினேன். நீ நாலு நிமிஷத்துல முடிச்சே. அதையே எல்லாருக்கும் வச்சுட்டாங்க.

— அடப்பாவிங்களா. அன்னைக்கு நான் மட்டுமா செஞ்சேன்?

— இதுல உன் பேரு மட்டும்தான் இருக்கு.

— எப்படி இருக்கும்? பயிற்சிக்கு வந்த பொண்ணுங்க பேரை அதுல ஏத்த மாட்டீங்களே. அன்னைக்குக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்னு, தோளையும் இடுப்பையும் தாங்கிப் பிடிச்சது குட்டிதான் மேட்ரன்.