இடது பக்கத்து மூட்டை

ஹலோ... ஹலோ! கம்பளிக் கிடங்கா? எவரிஸ்டோ இருக்கானா? ... நீயேதானா. நான்தான்யா, பால்டோமெரோ. ... ஆமா, இன்னும் உசுரோடதான் இருக்கேன், ரொம்ப வருத்தப்படாதே. செல்சோ லாரி வந்துடுச்சா? ... வந்துடுச்சா! ஐயோ. என் மூட்டையை இறக்கிட்டீங்களா? ... ஆமா, கறுப்பு மையில என் குறி, கீழ ரெண்டு கோடு. அதேதான். அதை வெட்டாதே.

... வெட்டாதேன்னா வெட்டாதே! கம்பி வெட்டியைக் கீழ வை. ... வச்சிட்டியா? சத்தம் கேக்கலையே. ... சரி, இப்பக் கேட்டுச்சு.

... காரணம் எதுக்கு உனக்கு? மூட்டை என்னோடது. ... இல்ல, கல்லு இல்ல! பதினஞ்சு வருஷமா அந்த ஒரு கல்லையே மென்னுக்கிட்டு இருக்கியே, பல்லு வலிக்கலையா உனக்கு? எடை கூட்ட நான் மூட்டைக்குள்ள வச்சேன்னு சொல்றியே, அது உன் கிடங்குத் தரையில கிடந்த கல்லு. என் ஆட்டு முதுகுல கல்லு முளைக்கிறதில்ல.

... என்ன சத்தம்? எங்க? ... ஓ, அதுவா. ஆடு இல்லய்யா, பிள்ளைங்க. பாலர் பள்ளியில இருந்து பேசுறேன். ... ஆமா, நான்தான். பள்ளிக்கூடத்துல. சிரி, நல்லா சிரி. மூணாங்கிளாஸ்ல சுவரேறிக் குதிச்சு ஓடினவன் எழுபத்திரண்டு வயசுல திரும்பி வந்திருக்கேன்.

அடியே மில்லராய்! அதை வாயில வைக்காதே தாயி! துப்பு! ... என் பேத்தி. என் மக நோர்மாவோட பொண்ணு. நோர்மாவுக்கு ஆஸ்பத்திரியில லீவு தரல, அதான் அவளுக்குப் பதிலா நான் வந்தேன். இல்லேன்னா நான் அங்க வந்து, உன் பக்கத்துல நின்னு, உன் கையையே பார்த்துக்கிட்டு இருந்திருப்பேன்ல, வருஷா வருஷம் நிக்கிற மாதிரி. இந்த ஒரு வருஷம் நம்பி அனுப்பினேன். பாரு என்ன ஆச்சுன்னு.

... ஒண்ணும் ஆகலைய்யா! எதுவும் ஆகல! மூட்டையை ஒரு ஓரமா வை, அடுத்த வாரம் வந்து எடுத்துக்கிறேன். ... யாரு வந்திருக்கா? ... கம்பளி வாங்குற வியாபாரிங்களா? எத்தனை பேரு? ... எல்லாரும் மூட்டைகிட்டயேவா நிக்கிறாங்க? ... லேசா இருக்குன்னா சொல்றாங்க? ... லேசா இருக்கும்யா, நல்ல கம்பளி லேசாத்தான் இருக்கும். செல்சோவும் ஏத்தும்போது இதையேதான் கேட்டான், அவன்கிட்டயும் இதையேதான் சொன்னேன். ... ஏய், ஏய், எடுக்காதே! அந்த வெட்டியை எடுக்காதேய்யா எவரிஸ்டோ! சொல்றேன். சொல்லித் தொலைக்கிறேன். நீ மட்டும் தனியா வா, அவங்களை விட்டுத் தள்ளி நில்லு. ... வந்துட்டியா? ... காதை ஒட்டி வச்சுக்க.

உள்ள இருக்கிறது இலை.

... இலைய்யா. மரத்து இலை. ... ஆமா. முழுக்க. ... பாப்லர், கொஞ்சம் வில்லோ, மேலாக்க செர்ரி, சிவப்புக்காக.

... சிரிக்காதே. ... சிரிக்காதேங்கிறேன்ல! அவங்க திரும்பிப் பார்க்கப் போறாங்க!

கேளு. இந்த க்ரிசெல்தா டீச்சர் ஒரு காகிதம் கொடுத்தனுப்பிச்சாங்க. எனக்கு எழுத்து சரியா வராது, மில்லராய்தான் படத்தைப் பார்த்துச் சொன்னா. இலை உதிர்ற காலத்துக்கு ஒரு விழாவாம். பெத்தவங்களும் பிள்ளைங்களும் சேர்ந்து இலை பொறுக்கணுமாம், கலர் கலரா பிரிக்கணுமாம், பெருசு சிறுசு பார்த்து அடுக்கணுமாம், எண்ணணுமாம், கடைசியில குவிச்சு வச்சுக் குதிக்கணுமாம். நான் கேட்டேன், ஏம்மா, குதிக்கிறதுக்கு ஒரு பள்ளிக்கூடமா? இதுக்கு எங்ககிட்ட ஏதாவது பிடுங்கப் பார்க்கிறீங்களான்னு. ... ஆமா, நேராத்தான் கேட்டேன், எனக்கென்ன பயம்? அவங்க சிரிக்கிறாங்க. அதான் எனக்கு இன்னும் சந்தேகம்.

... அதேதான்யா! நீயாவது புரிஞ்சுக்கிட்டியே! நம்ம பக்கத்துக் காத்துல இலையைக் குவிக்க முடியுமா? அந்தப் படத்தைப் போட்டவன் இங்க ஒரு நாள் நின்னிருக்க மாட்டான். குவிச்சேன். திரும்பி வாரியலை வச்சுட்டுப் பார்க்கிறேன், குவியல் ஏரிப் பக்கம் போய்க்கிட்டு இருக்கு. மறுபடி குவிச்சேன், மேல படுதா போட்டேன். படுதாவும் போச்சு. இவ வேற வகுப்பு முழுக்கச் சொல்லி வச்சிருக்கா, 'எங்க தாத்தா இலையுதிர் காலத்தையே மூட்டை கட்டிக் கொண்டாருவாரு'ன்னு. அப்பத்தான் தோணிச்சு. கம்பளி அழுத்துற பொறி சும்மாதானே கிடக்கு!

... ஆமா! அதுல போட்டுத்தான்! இறுக்கி, கம்பி கட்டி, குறியும் போட்டுட்டேன். ... குறி எதுக்கா? என் கொட்டகையை விட்டு என் குறி இல்லாம எதுவும் வெளிய போகாது, உனக்குத் தெரியாதா?

அப்புறம் என்ன. இலை ஒரு பக்கம், கம்பளி ஒரு பக்கம். செல்சோ வந்தான். 'இடது பக்கத்து மூட்டையை எடுத்துக்கடா'ன்னேன். நான் உள்ள நின்னு சொன்னேன். அந்தப் பய வாசல்ல நின்னு கேட்டான். ... சிரிக்காதேய்யா. ... அந்தக் காகிதத்துலயே கடைசிப் படம் அதான், இடது கை வலது கை. மில்லராயைக் கூட நிறுத்தியிருந்தா சரியா சொல்லியிருப்பா.

... இங்கயா? இங்க என்ன ஆகியிருக்கும்னு நினைக்கிறே! நாலு அப்பன்மாரு தூக்கி வந்தாங்க. இலை இவ்வளவு கனக்குமான்னு ஒருத்தன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டான். ஒரு தோப்பு இலைடா, கனக்காதான்னேன். பிள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணினாங்க. கம்பியை வெட்டினேன்.

... வெள்ளையா பொங்கி வருதுய்யா. மில்லராய் என்னை அண்ணாந்து பார்த்து, 'தாத்தா, இலை ஏன் ஆடு மாதிரி இருக்கு?'ன்னா...

... ஹ... ஹஹ... நீ சிரிக்கிறதாலதான் எனக்கும் வருது, நிறுத்துய்யா... ஒரு குட்டிப் பய 'பனி!'ன்னு கத்திக்கிட்டு உள்ள பாஞ்சான். அவ்வளவுதான். அத்தனை பேரும் உள்ள. என் ஒரு வருஷக் கம்பளி! ஒருத்தி அப்படியே போர்த்திக்கிட்டு மே மேங்கிறா. அவ அம்மா கூடச் சேர்ந்து மேங்கிறா. விழாவுக்குக் கொண்டாந்த பொரிச்ச ரொட்டி எல்லாம் மயிரு முளைச்சுக் கிடக்கு. ... டீச்சரா? அவங்க என்னத்தைத் திட்டுறாங்க! கம்பளியில ஒட்டியிருக்கிற முள்ளைப் பொறுக்கி எண்ணச் சொல்றாங்க. இதோ ஒருத்தன் எண்ணுறான், நாலுக்கு அப்புறம் ஏழாம். கம்பளி எண்ணெய் ஒட்டின கையை வெள்ளைக் காகிதத்துல அமுக்கி ஜன்னல்ல ஒட்டுறாங்க. வெயில் பட்டா கை மட்டும் பளிச்சுன்னு தெரியுதுய்யா. எத்தனை வருஷமா கம்பளி பிடிச்ச கை இது, நான் ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்ல. ... ஆமா, நானும் ஒண்ணு அமுக்கினேன். உனக்கென்ன?

... என்ன? ... வியாபாரிங்க கூப்பிடுறாங்களா? ... எவரிஸ்டோ. இங்க பாரு. இலை நான்தான் போட்டேன், ஒத்துக்கிறேன். கல்லு நான் போடல. ஆனா இன்னைக்கு அவங்க முன்னாடி அதைத் திறந்தேன்னா, அந்தக் கல்லும் என் தலையிலதான் விழும். இனி எவனும் என் குறியைப் பார்த்துச் சிரிக்காம மூட்டை எடுக்க மாட்டான். நான் யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்ல. உன்கிட்ட... சரி, போ. உனக்குத் தோணினதைச் செய். நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

... ...

மில்லராய், சும்மா இரு தாயி, தாத்தா ஃபோன் பேசுறேன்ல.

... ஹலோ? ... என்ன சொன்னே? ... 'இந்த மூட்டை விற்பனைக்கு இல்ல'ன்னா? ... அவ்வளவுதானா? கல்லைப் பத்தி? ... சொல்லலையா. ... ம். ... இல்ல, ஒண்ணுமில்ல. மூக்கைச் சிந்தினேன், கம்பளி புகுந்துடுச்சு.

... உள்ள அறைக்கே உருட்டிட்டியா? நல்லது. ஆனா அதை அப்படியே போட்டு வைக்காதே, அவிஞ்சு நாறிடும். இன்னைக்கே திறக்கணும். ... யாரு? யாரு அழுவுறது? ... உன் பேரனா? எத்தனை வயசு? ... நாலா! பேரு? ... லிசாந்த்ரோ. பெரிய பேரா இருக்கே, ஆளை விட. ... இலையைப் பார்க்கணும்னா அழுவுறான்? குவிச்ச இலையை அவன் பார்த்ததே இல்லையா? எங்க பார்ப்பான், அந்தக் காத்துல!

யோவ், கேளு. முதல்ல கதவைச் சாத்து. சாத்திட்டியா? ஜன்னலு? ... வெட்டியை எடுத்துக்க. மூஞ்சியைத் தள்ளி வச்சுக்க, கம்பி தெறிக்கும், ஏற்கெனவே அழகா இருக்கே. பையனைப் பின்னால நிறுத்து. வெட்டினதும்... இரு, இரு, இவ ஃபோனைப் பிடுங்குறா. என்ன தாயி? ... குதிக்கக் கூடாதாம்யா! முதல்ல கலர் பிரிக்கணுமாம். மஞ்சள் இந்தப் பக்கம், சிவப்பு அந்தப் பக்கம். பெரிய இலை அப்பாவாம், சின்ன இலை பிள்ளையாம். எண்ணினதுக்கு அப்புறம்தான் குதிக்கணுமாம். சட்டம் அவளோடது, நான் சொல்றேன் அவ்வளவுதான். ... என்னடா இந்தக் கிழவன்னு பார்க்காதே. பையனை நீயே எண்ண வை. நாலுக்கு அப்புறம் அஞ்சு, மறந்துடாதே.

... வெட்டிட்டியா? ... ஹா! கேட்டுச்சு, கேட்டுச்சு! பொங்குதா? ... காஞ்சிருக்கா? ... கலர் போகலையே? ... சொன்னேன்ல! ... பையன் என்ன பண்றான்? ... பிரிக்கலையா? ... நேரா உள்ளயேவா! மில்லராய், அவன் பிரிக்காமலே குதிச்சுட்டானாம்! ... இவளுக்குக் கோவம் வந்துடுச்சுய்யா.

... கதவைத் திறக்காதே, காத்து! யாரு உள்ள வர்றது? ... வியாபாரிங்களா? பார்த்துட்டாங்களா? ... என்ன சொல்றாங்க? ... பூட்ஸைக் கழட்டுறாங்களா? எதுக்கு? ... அவங்களும் குதிக்கவா! ஹஹ்ஹா! ... பொய் சொல்றே. என் மேல சத்தியமா? ... யோவ், நீ எங்க போறே? எவரிஸ்டோ! உனக்கு எழுபத்தஞ்சு வயசுய்யா! இடுப்பு! போன மழையில படுத்த இடுப்பு அது! யோவ்!

... ஹலோ? ... ஹலோ?

இல்ல தாயி, அவன் வைக்கல. சரசரன்னு சத்தம் கேக்குது பாரு. ஃபோனை இலைக்குள்ள தொலைச்சுட்டான்.

யோவ் எவரிஸ்டோ! கிடைச்சதும் நீயே கூப்பிடு, நான் வைக்கிறேன். எனக்கும் இங்க வேலை இருக்கு. டீச்சர், இந்தாங்க உங்க ஃபோன். நகருங்க, நகருங்க பிள்ளைங்களா. அது என் கம்பளி. முதல்ல நான்தான் குதிப்பேன்.