மவுன அஞ்சலியில் குத்துப்பாட்டு

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் பேருந்து ஏறினேன். முன் இருக்கையில் உள்ளூர் வானொலி நிலையத்து இன்ஜினியர், பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்:

"மவுன அஞ்சலியில குத்துப்பாட்டு ஓடிட்டு, அண்ணாச்சி."

படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

"எவம்வே போட்டான்?"

"யாரும் போடல. அரை நிமிஷம் சத்தம் வரலன்னா, லைன் போச்சுன்னு கம்ப்யூட்டரே பாட்டு போட்டுரும். நாந்தான் அப்படி வச்சிருந்தேன். அஞ்சலிக்கு முன்னால நிறுத்த மறந்துட்டேன்."

"செத்தது யாரு?"

"முதலாளியோட அப்பா."

"அடப்பாவி! முதலாளி கேட்டாரா?"

"பொணத்துக்குப் பக்கத்துல ரேடியோவ வச்சு, சனமெல்லாம் எந்திரிச்சு நின்னிருக்கு. வேலை இருக்கான்னே தெரியல."

"இப்ப எங்க போறீரு?"

"ராஜபாளையத்துல அந்தத் துட்டி வீட்டுக்குத்தான், துக்கம் கேட்க. துணைக்கு வாரேளா?"

ராஜபாளையத்துக்கு டிக்கெட் எடுத்திருந்த அண்ணாச்சி, கரிவலம்வந்தநல்லூரிலேயே இறங்கிவிட்டார்.