மாதிரி அறை

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஒரு அட்டையை மடித்து அடியில் கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாழ்நாள் முழுக்க ஆர்க்கிடெக்டாக இருந்தவனுக்கு எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது குறைதான்.

என் மனைவி கொடுத்த புகாரை வைத்துக்கொண்டு என் மகள் எங்கே என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். சொல்லத்தான் போகிறேன். ஆனால் இடத்தை மட்டும் சொன்னால், என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டு எழுந்து ஓடுவீர்கள். காரணத்தை முதலில் கேளுங்கள். அஸ்திவாரம் போடாமல் கூரையைப் பற்றிப் பேச எனக்கு வராது.

ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலுமாக ஓட்டல்கள் கட்டினேன். காலையில் ஒரு நாடு, மாலையில் ஒரு நாடு என்று பாதி ஆயுள் விமானத்திலேயே போயிற்று. மகள் நடக்கப் பழகியதைக்கூட நான் தொலைபேசியில்தான் கேட்டேன். பிறகு அவளும் கட்டடக்கலை படித்தாள். சாப்பாட்டு மேசையில் எங்கள் இருவருக்கும் வேறு பேச்சே கிடையாது. "தட்டைப் பார்த்துச் சாப்பிடுங்களேன், ரெண்டு பேரும் சுவரைப் பார்த்தே மெல்றீங்க" என்பாள் என் மனைவி. நான் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான்.

என் ஓட்டல்களில் ஒன்று ஒரு தீவில் இருந்தது. கூடத்துக்குள் காலடி வைத்ததுமே முழுக் கடலும் கண் முன்னால் விரியும். பத்திரிகைகள் அதைத்தான் அட்டையில் போட்டன. ஒரு நாள் அங்கே நிலம் நடுங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது, மேல்தளங்கள் கழுவி அடுக்கிய தட்டுகள் போல ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஒரு திரைச்சீலை மட்டும் வெளியே வந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மிகவும் சுத்தமான திரைச்சீலை. விசாரித்தவர்கள் நடுக்கம் அளவுக்கு மீறியது என்று எழுதிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை என்னால் சும்மா குடிக்க முடிந்ததில்லை. மேற்பரப்பு அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். இதோ, இந்த டம்ளரையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தீவில்தான் மகளுக்கு வேலை கிடைத்தது. விழுந்த கடற்கரையைத் திரும்பக் கட்டும் குழு ஒன்று அவளை அழைத்திருந்தது. அன்று மேசையில் அவள் கேட்டது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"அப்பா, அந்தக் கூடத்துக்கு நடுவுல ஒரு தூண் இருந்திருக்கணுமே? முதல்ல வரைஞ்சதுல இருக்கு, கடைசியில காணோம். எங்க போச்சு?"

"முதலாளி கடல் தெரியணும்னு கேட்டாரும்மா."

"கேட்டா? தலையைக் கேட்டிருந்தா தலையையும் குடுத்திருப்பீங்களா?"

என் மனைவி சிரித்துவிட்டாள். மகள் சிரிக்கவில்லை. "சரி விடுங்க. அங்க போய்த் தோண்டினா தெரிஞ்சிடப் போகுது" என்று தண்ணீரை எடுத்துக் குடித்தாள். மேற்பரப்பைப் பார்க்கவேயில்லை.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. 'கம்பி' என்று நாங்கள் கூப்பிடும் இன்ஜினியர் அந்தத் தூண் வேண்டும் என்றார். முதலாளி கடல் வேண்டும் என்றார். நான் கடலின் பக்கம் நின்றேன். கம்பி அடுத்த மாதமே வேலையை விட்டுப் போய்விட்டார். ஆனால் மகள் விஷயத்தில் நான் செய்த காரியத்துக்கும் இந்தத் தூணுக்கும் சம்பந்தம் இல்லை. தயவுசெய்து இரண்டையும் சேர்த்து எழுதாதீர்கள். நான் பயந்தது அந்த நிலத்துக்கு. பெற்ற பெண்ணை அப்படிப்பட்ட நிலத்தின் மேல் யார் அனுப்புவார்கள்?

மாதிரி அறை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு ஓட்டலில் முந்நூறு அறைகள் கட்டுவதற்கு முன்னால், ஒரே ஒரு அறையை மட்டும் எங்காவது கிடங்குக்குள் முழுசாகச் செய்து பார்ப்போம். கட்டில், மெத்தை, விளக்கு, குளியலறை எல்லாம் நிஜம். ஜன்னலுக்கு வெளியே மட்டும் துணியில் அச்சடித்த கடல் தொங்கும். அதற்குப் பின்னால் விளக்குகள் வைத்து, விடிவதும் இருட்டுவதும் தானாக நடக்கும்படி செய்திருப்போம். தீவுகளுக்கு இப்போது அறைகளை இரும்புப் பெட்டியாகவே செய்து கப்பலில் ஏற்றுகிறார்கள். நான் கடைசியாகச் செய்த மாதிரி அறை அப்படிப்பட்ட ஒரு பெட்டி. எவ்வளவு நடுங்கினாலும் குலையாது, ஜன்னல் கண்ணாடிகூட உடையாது. உலகத்தில் நான் நம்புகிற ஒரே அறை அது.

பார்க்க வருகிறவரை உள்ளே விட்டு, கதவைச் சாத்திவிட்டு நாங்கள் வெளியே நிற்போம். அது எங்கள் தொழிலில் வழக்கம். கூடவே நின்றால் முகத்துக்காக நல்லதையே சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவள் கிளம்பும் அன்று எனக்கும் வேறொரு நாட்டுக்குப் பயணம். இருவரும் ஒரே காரில் விமான நிலையம் போவதாக ஏற்பாடு. "வர்றேம்மா" என்றாள் வாசலில். "வர்றேன்னு சொல்லிட்டுத்தான் எல்லாரும் போறீங்க. யாரு வர்றீங்க?" என்றாள் அவள் அம்மா. வழியில் ஒரு எட்டு என் அறையைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். "ஒரு குறை கண்டுபிடிச்சா என்ன தருவீங்க?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள். அவள் பையும் தொலைபேசியும் காரிலேயே இருந்தன. கிடங்குக்குக் காவலாளி கிடையாது. கடலின் படத்தைத் தவிர அங்கே திருட ஒன்றுமில்லை.

உள்ளே போனவள் கட்டிலில் உட்கார்ந்து குதித்துப் பார்த்தாள். "இந்தக் கடலுக்குக் கரண்ட் பில் யாருப்பா கட்றது?" என்றாள். பிறகு அவளேதான் சொன்னாள்: "கதவைச் சாத்துங்கப்பா. நீங்க நின்னா எனக்குக் குறை சொல்ல வாய் வராது."

சாத்தினேன். பூட்டினேன். உள்பக்கக் கைப்பிடியை முந்தின வாரமே கழற்றியிருந்தேன்.

கதவின் அடியிடுக்கில் வாயை வைத்துப் பேசினால் வெளியே கேட்கிறது. அந்தக் குறை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"அப்பா, உள்ள கைப்பிடியே இல்லை. இதான் முதல் குறை. திறங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "விளையாடாதீங்கப்பா. ஃபிளைட்டுக்கு நேரமாச்சு."

பிறகு தட்டினாள். உள்ளங்கையால்தான் முதலில். அதற்குப் பிறகு அவள் சொன்னது என்னை மிகவும் புண்படுத்தியது. "அப்பா, தூண் விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்பா. சத்தியமா." பெற்ற தகப்பனை இப்படியா புரிந்துகொள்வது? நடந்து வந்து காரை எடுத்தேன்.

அவள் விமானம் கிளம்பும்வரை வைத்திருந்து பிறகு திறக்கச் சொல்லலாம் என்றுதான் எண்ணம். அலுவலகத்தில் யாரிடமாவது மாற்றுச் சாவி இருக்கும் இடத்தைச் சொன்னால் போதும். போன இடத்தில் என் புதிய ஓட்டலைத் திறந்துவைத்தார்கள். மாலை போட்டார்கள், நான் பேசினேன், கை தட்டினார்கள். தொலைபேசி சட்டைப் பையில் இருந்தது. எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஆனால் திறந்துவிட்டால் அவள் அடுத்த விமானத்தைப் பிடிப்பாள். அடுத்த விமானம் என்று ஒன்று எப்போதும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த எண்ணத்தில்தான் தொலைபேசியைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

என் மனைவி அழைத்தாள். "அவ போனே எடுக்க மாட்டேங்கிறா."

"தீவுல சிக்னல் இருக்காது. எனக்குத் தெரியாத தீவா?" என்றேன்.

அப்போது நான் போயிருந்த நாட்டில் புயல் வந்து ஒரு வாரம் விமானங்களை நிறுத்தினார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை. அங்கிருந்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. எல்லா ஓட்டலிலும் வைப்பது போல மேசை மேல் இரண்டு தண்ணீர் பாட்டில்களும் ஒரு தட்டில் பழமும் வைத்திருந்தேன். குளியலறைக் குழாயைத் திருப்பினால் தண்ணீர் வராது. மாதிரி அறைக்கு யாரும் தண்ணீர் இணைப்புக் கொடுப்பதில்லை. படித்த பெண், அவளுக்கு அது தெரிந்திருக்கும்.

ஊருக்கு வெளியே, மூடிப்போன பெயிண்ட் கம்பெனியின் பின்பக்கக் கிடங்கு. சாவி, நீங்கள் வாங்கி வைத்திருக்கிற என் கோட்டின் உள்பையில் இருக்கிறது. ஓட வேண்டிய அவசியமில்லை. இன்று காலை இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அங்கேதான் போனேன். கதவில் காதை வைத்து நின்றேன். "பாப்பா" என்று கூப்பிட்டேன். அடியிடுக்கில் வெளிச்சம் மெல்லக் கூடிக்கொண்டிருந்தது, உள்ளே கடலில் விடிகிற நேரம். சாவியைத் துவாரம்வரை கொண்டுபோனேன். திரும்பக் கோட்டின் உள்பைக்குள் போட்டேன், பயணக் களைப்பு. திறக்காமலேயே வந்துவிட்டேன்.

அறை பிடிக்காத விருந்தாளி சும்மா இருக்க மாட்டார். கூப்பிடுவார், கதவைத் தட்டுவார், கீழே இறங்கி வந்து மேனேஜரோடு சண்டை போடுவார். என் அனுபவத்தில் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு சத்தமும் இல்லை என்றால், அறை பிடித்துப்போயிற்று என்று அர்த்தம்.